முழுசாகத் திறக்கும் ஜன்னல்

ஏழாம் நம்பர் பள்ளிக்கூட பஸ்ஸில் வரும் எந்தப் பிள்ளைக்கும் அவளுடைய பெயர் தெரியாது. விசில் அக்கா என்றால்தான் தெரியும். பஸ் பின்னால் வரும்போது இரண்டு சின்ன ஊதல், நிறுத்தச் சொல்ல ஒரு நீள ஊதல், கடைசி வரிசைக்காரர்கள் எழுந்து ஆட்டம் போட்டால் காது கிழிய மூன்று ஊதல். பிள்ளைகளை ஏற்றுவது, எண்ணுவது, இறக்குவது, நடுவில் சண்டை தீர்ப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே பஸ், அதே டிரைவர், கதவோரத்தில் அதே ஒற்றை சீட்.

அதற்கு முன் நான்கு வருடம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாள். வேலை படிந்தது அங்கேதான். காய்ச்சல் வரப்போகும் பிள்ளை எப்படி உட்காரும், பொய் அழுகை எப்படித் தொடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாந்தி வரப்போகும் பிள்ளையை மூன்று தெரு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவாள். பேச்சு நின்றுபோகும், கொட்டாவி வரும், உதட்டைச் சுற்றி வெளுக்கும். அந்த நேரத்தில் அவள் கையில் பிளாஸ்டிக் கவர் தயாராக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவர், வாய்ப்பக்கம் வெளியே சுருட்டிவிட்டது. ஒரு சொட்டு கீழே விழாது.

பஸ்ஸில் அவள் போட்ட சட்டங்கள் இரண்டு. முதல் சட்டம், வாந்தி எடுக்கும் பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். வயசென்ன, வகுப்பென்ன என்ற பேச்சே கிடையாது. இரண்டாவது சட்டம், பின் பாதியில் இருக்கும் அந்த ஒரு ஜன்னலைப் பற்றியது. மற்ற ஜன்னல்களின் கண்ணாடி ஒரு சாண் திறந்து நின்றுவிடும். இடது பக்கம் ஒன்பதாவது வரிசை ஜன்னல் மட்டும் முழுசாகத் திறக்கும். தலைமுடி பறக்கக் காற்று வரும். அதற்காகப் பெரிய பிள்ளைகள் அடித்துக்கொண்டதில் ஒருமுறை ஒரு பையனின் சட்டைக் கை தனியாக வந்துவிட்டது. அன்றிலிருந்து முறை வைத்துவிட்டாள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினாலு பேர், ஆளுக்கு ஒரு நாள். ஒரு நோட்டில் தேதியும் பெயரும் எழுத வேண்டும். அந்த நோட்டை எழுதும் பொறுப்பு அவளுடைய மகளுக்கு. அதனால் மகளுக்கு பஸ்ஸில் பெயர் ரிஜிஸ்டர்.

மகளிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் பஸ் ஏறிய நாளிலிருந்து அந்தப் பெண் எதையும் மறைத்ததில்லை. யார் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார்கள், யார் சீட்டுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டினார்கள் என்று தினமும் ஒப்பிப்பாள். ஒருநாள் டிரைவரிடம் போய், "மாமா, அம்மா இன்னைக்கு பின்னால வரும்போது ஒரு தடவைதான் ஊதினாங்க, ரெண்டு ஊதல" என்று பெற்ற தாயையே போட்டுக் கொடுத்தாள். டிரைவர் அதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

"பஸ்ல நான் அம்மா இல்ல, எல்லாருக்கும் அக்காதான்" என்று அப்போதே சொல்லி வைத்திருந்தாள் அவள். தன் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது பாருங்கள். சின்ன வயதில் மகள் அதை மறந்து மறந்து அம்மா என்பாள். பன்னிரண்டு வயதானதும் மறப்பதே இல்லை. பஸ் படியில் கால் வைத்ததும் "குட் மார்னிங் அக்கா", அவ்வளவுதான். வாட்டர் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால்கூட, பின்னால் யாரிடமோ வாங்கிக் குடிப்பாளே தவிர முன்னால் வந்து கேட்கமாட்டாள். தகவல் வருவதும் நின்றுபோனது. அந்த இடத்தில் இப்போது வேறொரு ஆள் வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டு இல்லை, வாய் ஓயாது. பெயர் ரேடியோ.

ரேடியோ சீட்டில் முட்டி போட்டு, பின்பக்கம் பார்த்துக்கொண்டேதான் வருவாள். ஒரு வியாழக்கிழமை காலை விசில் அக்காவின் காதோரம் வந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். தாடி அண்ணா தினமும் அந்த ஜன்னல்லயே உக்காறாரு."

"எண்ணும்போது பாத்தேனே, வேற பொண்ணுல்ல உக்காந்திருந்தா."

"நீங்க எண்ணிட்டு வந்ததும் மாத்திக்குவாங்க. ஸ்கூல் கேட்டு வந்தா திரும்ப மாத்திக்குவாங்க. தினமும்! ரிஜிஸ்டர் அக்கா சரின்னு தலையாட்டுவாங்க."

தாடி என்பவன் ஏழாம் வகுப்பு. அந்த வருடம் வீடு மாறியதால் புதிதாக பஸ்ஸில் சேர்ந்தவன். அதுவரை அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து போனவன். வகுப்பிலேயே உயரம், கால்பந்து டீமில் கோல் கீப்பர், நாடியில் ஐந்து முடி. அந்த ஐந்தையும் தடவிக்கொண்டே பேசுவான். குரல் உடைந்துகொண்டிருந்ததால் ஒரு வாக்கியத்தை அப்பா மாதிரி தொடங்கித் தங்கச்சி மாதிரி முடிப்பான்.

விசில் அக்கா அன்று மாலை நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தேதிக்கும் ஒவ்வொரு பெயர், அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. ரேடியோ சொன்னது சரியென்றால் இரண்டு மாத நோட்டும் பொய். ஜன்னல் கிடக்கட்டும். என் பெண் பொய் சொல்லமாட்டாள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்!

வீடு மூன்றாவது மாடியில். முன்னறையில் பாதி அவள் கணவனுடைய தொழிலுக்குப் போய்விட்டது. தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர் அவர். அறை முழுக்க வார்னிஷ் வாசனை. மகள் சுவரோரம் உட்கார்ந்து வரைபடத்தில் ஆறுகளுக்கு நீல மை தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜன்னல்ல இன்னைக்கு யாரு முறை?"

"நோட்டுல இருக்கே."

"நோட்டுல இருக்கறது எனக்கும் தெரியும். உக்காந்தது யாரு?"

மகள் நீல மையை மூடினாள். நிதானமாகத் தாயின் முகத்தைப் பார்த்தாள். "நோட்டுல இருக்கறவங்கதான்."

கண்ணிமைக்காமல் சொன்னாள். ஆறு வயதில் பொய் சொல்ல முயன்றால் காது சிவந்துவிடும் பிள்ளை. இப்போது காதைத் தலைமுடி மூடியிருந்தது.

"நீ கம்பியச் சுத்தறத கொஞ்சம் நிறுத்திட்டு இவள என்னன்னு கேளுங்க" என்றாள் கணவனிடம், கோபத்தில் மரியாதை முன்பின்னாக.

அவர் தலை நிமிரவில்லை. "பன்னெண்டு வயசும்மா. எனக்கு அந்த வயசுல எங்கம்மா என்ன கேட்டாலும் தெரியாதுன்னுதான் பதில். சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வரைபடத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். அந்தச் சிரிப்புதான் தாய்க்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் தாடியை ஓரங்கட்டினாள்.

"ஏண்டா, எல்லாரையும் மிரட்டித்தான் அந்த ஜன்னல்ல உக்காறியா?"

தாடி ஒரு நொடி யோசித்தான். அந்த ஒரு நொடியை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"ஆமாக்கா."

"என் பொண்ணையும் மிரட்டித்தான் பொய் எழுத வச்சியா?"

"ஆமா... இல்ல... ரிஜிஸ்டர் பாவம். நான்தான் எல்லாம்." கடைசிச் சொல் கீச்சென்று போனது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டான்.

விசில் அக்காவுக்கு வழக்கு முடிந்துவிட்டது. ரவுடி அவன், பயந்தாங்கொள்ளி தன் மகள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் மாற்றிப் போட்டாள். தாடிக்கு வலது பக்கம் நாலாவது வரிசை, நடைபாதையை ஒட்டிய சீட். அவள் பார்வையிலேயே இருக்கட்டும். நோட்டு மகளிடமிருந்து பறிக்கப்பட்டு, உண்மை விளம்பியான ரேடியோவிடம் கொடுக்கப்பட்டது. ரேடியோவுக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டி எழுத வரும். ஒரு பெயருக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது.

"இந்த வேகத்துல போனா டிசம்பருக்குள்ள பத்து நோட்டு வேணும்" என்றார் டிரைவர்.

"நேர்மையா இருந்தா போதும், பெருசா இருந்தா பரவால்ல."

பின்பக்கம் முழுக்க அன்று மௌனம். திட்டினால் முணுமுணுப்பார்கள், முறைப்பார்கள், பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். இப்படிப் பதினாலு பேரும் வாயை மூடிக்கொண்டு வந்தது இதுதான் முதல் தடவை. மகள் இறங்கும்போது ஒரு 'வரேன் அக்கா'கூட இல்லை. தாடி இறங்கும்போது முகம் பழைய பித்தளைப் பாத்திரம் மாதிரி பச்சை பாய்ந்திருந்தது. 'தண்டனை உறைத்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பெரிய ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். பஸ் கிடங்குத் தெருக்களுக்குள் புகுந்து சுற்றிப் போக வேண்டியதாயிற்று. லாரிகள் போய்ப் போய்ப் பள்ளமான தெரு. சரக்கு இறக்கும் வண்டிகளுக்கு நடுவே டிரைவர் வலதும் இடதுமாக ஒடித்துக்கொண்டே போனார். மூன்றாவது திருப்பத்தில் பின்னால் இருந்து திடீரென்று பாட்டு கிளம்பியது. பதின்மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்திப் பாடினார்கள். தாளம் தப்பி, சுருதி தப்பி, சீட்டில் தட்டிக்கொண்டு.

விசில் அக்கா எழுந்து மூன்று ஊதல் ஊதினாள். பாட்டு இன்னும் பெரிதானது.

அந்தச் சத்தத்தையும் மீறி ரேடியோவின் குரல் வந்தது. "அக்கா! தாடி அண்ணா தொப்பிக்குள்ள வாந்தி எடுக்கறாரு!"

பாட்டு பட்டென்று நின்றது.

தாடி குனிந்து உட்கார்ந்திருந்தான். கோல் கீப்பர் தொப்பியை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். அவள் தன் பையை எடுக்கும் முன்பே, பின்னால் இருந்து சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து மகள் ஓடி வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவர், வாய்ப்பக்கம் வெளியே சுருட்டிவிட்டது. இன்னொரு கையில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை.

விசில் அக்கா அந்தக் கவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு தாடியின் உதட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மூன்று தெரு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுகிறவள், ரவுடியைத் தேடிக்கொண்டிருந்ததில் நோயாளியைக் கோட்டைவிட்டிருந்தாள்.

யோசிக்கிற வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கையால் அவன் நெற்றியைப் பிடித்தாள். மகள் கவரைப் பிடித்தாள். "நிறுத்தவா?" என்றார் டிரைவர். "வேணாம், மெதுவா ஓட்டுங்க. பள்ளத்துல விடாதீங்க." இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்தார்கள். தொப்பியையும் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டாயிற்று.

எல்லாம் முடிந்ததும் வழக்கம்போல அவள் வாயிலிருந்து சட்டம் வந்தது. "வா, முன் சீட்ல வந்து உக்காரு."

முன் சீட்டில் ரேடியோவும் இன்னும் இரண்டு ஒன்றாம் வகுப்புகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. தாடி அந்த சீட்டைப் பார்த்த பார்வையை அவள் பார்த்தாள். வாந்தி எடுத்தபோதுகூட அவன் முகம் அப்படி இல்லை. பின்னால் பதின்மூன்று முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சரி. எங்க காத்து வருதோ அங்க போய் உக்காரு" என்றாள்.

அவன் ஒன்பதாவது வரிசைக்குப் போனான். அன்றைய முறைக்காரன் கேட்காமலேயே எழுந்து இடம் விட்டான்.

சாயங்காலம் வீட்டில், துவைத்த துணிகளை இருவரும் மடித்தார்கள். படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து நடுவில் சேர்க்கும்போது தாய் பேச்சைத் தொடங்கினாள்.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ முன் சீட்ல உக்கார வச்சிருப்ப."

"ஆமா. அதுதான ரூல்."

"அதனாலதான் சொல்லல."

"முன் சீட்டுல உக்காந்தா என்ன, தேஞ்சா போயிடுவான்?"

"அம்மா! அவன் கோல் கீப்பர்!" இதைவிட என்ன விளக்கம் வேண்டும் என்பது போல மகள் கைகளை விரித்தாள். விரிப்பு கீழே விழுந்தது. "ஒண்ணாங்கிளாஸ் பசங்களோட உக்காந்தா ஸ்கூல் முழுக்க கிண்டல் பண்ணுவாங்க. முதல் வாரத்துலயே அவன் பஸ்ஸே வேணாம், நடந்தே வரேன்னான். ஒன்பது கிலோமீட்டர்! காத்து மூஞ்சில அடிச்சா அவனுக்கு வாந்தி வரல. அதனால நாங்க ஓட்டு போட்டோம். பதிமூணு பேரும் கை தூக்கினாங்க. இன்னைக்குப் பாடினதுகூட அவன் வாந்தி எடுக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான்."

"எனக்கு ஓட்டு இல்லையா?"

"உனக்குத்தான் ரூல் இருக்கே."

"நோட்டுல எழுதினது பொய்தான?"

மகள் குனிந்தாள். விரிப்பின் முனையைத் தேடி எடுத்தாள். "பொய்தான். எனக்கும் பிடிக்கல. ஆனா அவங்கவங்க முறைய அவங்களே விட்டுக் கொடுத்தாங்க. யாருதையும் யாரும் பிடுங்கல. நீ அவன மிரட்டறவன்னு நெனச்சியே, அது மட்டும் சரியா?"

"அவனே ஆமான்னு சொன்னான்டி!"

"வாந்தி எடுக்கறவன்னு பேர் வாங்கறதுக்கு ரவுடின்னு பேர் வாங்கறது மேல் இல்லையா?"

முன்னறையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர், "நானா இருந்தாலும் ரவுடிதான்" என்றார்.

"உங்கள யாரும் கேக்கல."

விசில் அக்கா விரிப்பை மடித்து அடுக்கினாள். ஆறு வயதில் இவள் கொண்டுவந்த தகவல்களை நினைத்துப் பார்த்தாள். கை நீட்டினான் என்றால் நீட்டினான், அவ்வளவுதான். ஏன் நீட்டினான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது ஏன் என்பது மட்டும்தான் இவளுக்குக் கண்ணில் படுகிறது. வளர்ந்துவிட்டாள். சட்டத்தைப் போட்டவள்தான் அப்படியே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஆனாலும் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அவளால் தூங்க முடியாது.

"இன்னும் எத்தன விஷயம் என்கிட்ட மறைச்சு வச்சிருக்க?"

"நிறைய."

நேர்மையான பதில். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல ஆபத்தானது ஏதாவது இருக்கா?"

மகள் யோசித்தாள். "ஒண்ணு இருக்கு. கடைசி வரிசை எமர்ஜென்சி கதவுல கொக்கி தேஞ்சு போச்சு. எட்டாங்கிளாஸ் பையன் ஷூ லேஸால கட்டி வச்சிருக்கான். அவன்தான் ஆட்டி ஆட்டி லூஸாக்கினான், மாட்டிக்குவான்னு சொல்லல. ஆனா சொல்லணும்னு ரெண்டு நாளா நெனச்சிட்டிருக்கேன். சொன்னேன்னு சொல்லாத."

"நான் பாத்தேன்னு சொல்லிக்கறேன். மீதியெல்லாம்?"

"மீதியெல்லாம் ஆபத்து இல்ல."

"அப்ப மீதிய நீயே வச்சுக்கோ."

இதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. சொன்ன பிறகு பாரம் ஒன்று இறங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் நோட்டில் பொய் எழுதியதற்குத் தண்டனை உண்டு என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாத நோட்டையும் உட்கார்ந்தவர் பெயரோடு திரும்ப எழுத வேண்டும். மகள் மறு பேச்சு பேசாமல் எழுதினாள். ஒரே பெயர், வரிசையாக நாற்பது தடவை.

மறுநாள் பஸ் கிளம்பும் முன்பே டிரைவர் கடைசிக் கதவுக்குப் புதுக் கொக்கி மாட்டிவிட்டார். பிளாஸ்டிக் கவர்கள் இனி விசில் அக்காவின் பையில் மட்டும் இல்லை. எல்லா சீட்டின் முதுகிலும் ஒரு ஜோடி செருகி வைத்தாள். யாருக்கு எப்போது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. முன் சீட்டுச் சட்டம் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது.

ஆனால் ரேடியோ ஒருத்தி இருந்தாளே. நோட்டைத் திருப்பிக் கொடு என்றால் கொடுக்கமாட்டேன் என்றாள். அதைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, ஒரு டிக்கெட் பரிசோதகரைப் போல நடைபாதையில் நடந்து ஒன்பதாவது வரிசைக்குப் போனாள். விசில் அக்கா பின்னாலேயே போனாள்.

"இன்னைக்கு இவங்க முறை இல்ல" என்றாள் ரேடியோ, தாடியைப் பென்சிலால் காட்டி. "நேத்தும் இல்ல. முறைன்னா முறைதான? எல்லாருக்கும் ஒண்ணுதான?"

மகள் எழுந்தாள். "நாங்க எல்லாரும் சேந்து அவனுக்கு விட்டுக் கொடுத்திருக்கோம். நீ அப்படியே எழுதிக்கோ."

"ஏன் விட்டுக் கொடுத்தீங்க?"

மகள் தாயைப் பார்த்தாள். விசில் அக்காவுக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை. நேற்று நடந்தது எல்லோருக்கும் தெரியும்தான். இருந்தாலும் ஒருத்தர் கண்ணில் பட்டது வேறு, அவனே வாயால் சொல்வது வேறு. உதட்டில் விசிலை வைத்துக்கொண்டு நின்றாள்.

தாடி நாடியில் இருந்த ஐந்து முடியையும் ஒருமுறை தடவினான். பிறகு குனிந்து ரேடியோவின் கண்ணுக்கு நேராக வந்தான்.

"எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும். காத்து வந்தா வராது. அதான்."

ஆழமான குரலில் ஆரம்பித்து, 'அதான்' கீச்சென்று முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "எனக்கு லாரிப் புகை பட்டாலே வரும்டா" என்றான். "எனக்கு ராட்டினத்துல" என்றாள் இன்னொருத்தி. வரிசையாக வாக்குமூலம் கிளம்பிவிட்டது.

ரேடியோ பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவளுக்கு இது புது நியாயம். எல்லாருக்கும் ஒன்றுதான் என்றிருந்த உலகத்தில், வேண்டியவருக்கு வேண்டியது என்று யாரோ புதிதாக ஒரு கணக்கைச் சொல்கிறார்கள். நோட்டைத் திறந்து ஒரு முழுப் பக்கத்துக்குத் தாடி என்று எழுதினாள். ஒரு துணைக்கால் அதிகமாக விழுந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"அப்போ எனக்கும் நாளைக்கு வாந்தி வரும்."

இந்தத் தடவை பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விடத் தாடிதான் அதிகம் சிரித்தான், இரண்டு குரலிலும்.

"வந்தா உனக்கு முன் சீட்டுதான், அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ரூல் இருக்கு" என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனாள் விசில் அக்கா. பாதி வழியில் பின்னால் இருந்து மகளின் குரல் கேட்டது.

"அக்கா, இன்னைக்கு எண்ண மறந்துட்டீங்க."

பதினோரு வருடத்தில் முதல் தடவை. விசில் அக்கா திரும்பி நின்று, கடைசி வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.